லெவலுக்காக அல்லாமல் விளையாட: கேள்வி பதில்

ஒரு வீடியோ கேமில் சாதனைகளுக்குத் தரும் டிராபிகள் எல்லாவற்றையும் எடுக்காமல் அடுத்த விளையாட்டைத் தொடுவதில்லை. பாதியிலேயே சலிக்கிறது, விடவும் முடியவில்லை. என்ன செய்வது?

முதலில் டிராபி அறிவிப்பை அணையுங்கள். எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோல் இதே போன்ற சாதனைப் புள்ளிகளை 2005இல் கொண்டுவந்தது. பிளேஸ்டேஷனில் டிராபி வந்தது 2008இல். அதற்கு முன்பும் ஸ்கோர் இருந்தது, ஆனால் ஆட்டம் முடிந்தால் கணக்கும் முடிந்தது. இப்போது கணக்கு உங்கள் பெயரில் ஏறி, விளையாட்டு மாறினாலும் கூடவே வருகிறது.

1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் சிலரிடம் ‘வரைந்தால் சான்றிதழ் உண்டு’ என்று முன்னதாகவே சொன்னார்கள். பிறகு விருப்பம்போல் விளையாடவிட்டபோது அந்தக் குழந்தைகள் பேனாவைத் தொடுவது குறைந்திருந்தது. சொல்லாமல் சான்றிதழ் பெற்ற குழந்தைகளிடம் அந்தக் குறைவு இல்லை. உங்கள் சலிப்பையும் அங்கேதான் தேடுவேன். தினசரிப் பரிசுக்காக எந்த விளையாட்டையும் திறக்காதீர்கள்.

‘பிரீத் ஆஃப் தி வைல்ட்’ விளையாட்டில் ஒளித்து வைத்திருக்கும் 900 கொரோக் விதைகளையும் தேட வேண்டுமா?

வேண்டாம். விதை கொடுத்து ஆயுதப் பையை முழுதாகப் பெரிதாக்க 441 போதும். 900ஐயும் சேர்த்தவருக்குக் கிடைப்பது பொன்னிறச் சாணிக் குவியல் போன்ற ஒரு பொருள். எடுத்துக் காட்டினால் விதை வாங்கும் ஹெஸ்து என்ற பாத்திரம் ஆடும், அவ்வளவுதான். தயாரித்தவர்களே கேலி செய்திருக்கிறார்கள். போகிற வழியில் தனியாகக் கிடக்கும் கல்லைத் தூக்குகிறீர்கள், அடியிலிருந்து கொரோக் என்ற குட்டிப் பூதம் எழுந்து சிரித்து விதை தருகிறது. விதைகளை வைத்தது இதற்காக. வரைபடம் பார்த்துப் பட்டியலில் டிக் அடித்தால் அந்தச் சிரிப்பு போய்விடும்.

என் கன்ட்ரோலரின் குச்சி தானாக நகர்கிறது.

பழுதுபார்ப்பவரிடம் கேளுங்கள்.

எந்த விளையாட்டை வாங்கலாம்?

தினசரிப் பரிசு இல்லாத எதையும்.

லெவல் ஏறுவதே எனக்கு இன்பம். அதைப் போலி என்று சொல்ல நீங்கள் யார்?

போலி என்று நான் சொல்லவில்லை. 1996இல் விளையாட்டு வடிவமைப்பாளர் ரிச்சர்ட் பார்ட்டில் ஆட்டக்காரர்களை வகைப்படுத்தியபோதே சாதனை தேடுவோருக்கு ஓர் இடம் தந்தார். நான் கேட்பது, லெவல் எதைத் தருகிறது என்பதை. புதிய மந்திரம் கைக்கு வந்து நேற்று முடியாதது இன்று முடிந்தால், அது விளையாட்டின் பகுதி. நேற்றுச் செய்ததையே இன்றும் செய்ய, எண் மட்டும் கூடினால்?

மீண்டும் நானே. ‘கால் ஆஃப் டியூட்டி 4’ விளையாட்டில் லெவல் ஏறினால் புதிய துப்பாக்கி கிடைத்தது. அது வெறும் எண்ணா?

நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் எனக்குத்தான் சாதகம். 2007இல் வந்த அந்த விளையாட்டின் பலர் ஆடும் பகுதியில், புதிதாக வந்தவருக்குப் பல துப்பாக்கிகள் பூட்டியே இருந்தன. 55ஆம் லெவலைத் தொட்டபின் ‘பிரெஸ்டீஜ்’ எடுத்தால் மறுபடி 1. திறந்ததெல்லாம் பூட்டிக்கொள்ளும், கைமாறாகச் சின்னம் ஒன்று. பழைய ‘கவுன்டர் ஸ்டிரைக்’கில் அன்று நுழைந்தவரும் ஆட்டத்தில் சம்பாதித்த பணத்துக்குத் தன் அணிக்குரிய எந்தத் துப்பாக்கியையும் வாங்கலாம். அங்கே கை தேர்ந்தது. இங்கே கணக்கும் சேர்ந்து தேறியது.

அவர் சொல்வதும் சரிதானே? எனக்கும் சின்னம் பிடிக்கும்.

பிடிக்கட்டும். சின்னத்தை எடுத்துவிட்டாலும் அடுத்த ஆட்டத்துக்கு உட்காருவீர்களா என்பதற்கு இருவரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

எளிய நிலையில் ஆடுவது கேவலமா?

இல்லை. 2018இல் வெளிவந்த ‘செலஸ்டே’ விளையாட்டில் வேகத்தைக் குறைக்கவும் சாகாமல் ஆடவும் தயாரித்தவர்களே வழி வைத்திருக்கிறார்கள்.

எந்த விளையாட்டை வாங்கலாம்?

மேலே பாருங்கள்.

தினசரிப் பரிசை 1 நாள் தவறவிட்டால் தொடர் அறுந்துவிடுமே?

அறுத்துவிடுங்கள். இன்றே.