ஊசி போடாத டாக்டர்

மதிப்பிற்குரிய அம்மா,

என் மகள் உயிர்வேதியியல் எம்.எஸ்சி. கடைசி வருடம் படிக்கிறாள். மேற்கொண்டு மருத்துவ ஆராய்ச்சியில் பிஎச்.டி. செய்ய வேண்டுமாம். நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகம் என்று ஒன்றைச் சொல்கிறாள். விசாரித்தால், அங்கே பி.எஸ்சி.யும் கிடையாது, எம்.பி.பி.எஸ்.ஸும் கிடையாது என்கிறார்கள். இப்படியும் ஒரு பல்கலைக்கழகமா? அது எப்படி வந்தது, தரவரிசையில் எங்கே இருக்கிறது, எவ்வளவு செலவாகும்? "ஊசி போடாத டாக்டருக்கு எங்கே போய் மாப்பிள்ளை தேடுவாய்" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். எனக்கும் குழப்பமாக இருக்கிறது.

ஒரு வாசகர், கோவில்பட்டி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் என் அண்ணனுடைய ஆய்வக நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்கி வைத்திருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

தரவரிசையை விட்டுவிடுங்கள். செலவைப் பற்றியும் கவலை வேண்டாம். அங்கே பிஎச்.டி. மாணவர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை, உதவித்தொகை தருகிறார்கள். இடம் கிடைப்பதுதான் கஷ்டம். மாப்பிள்ளை பேச்சை நீங்கள் எனக்கு எழுதியிருக்கவே வேண்டாம். ஒரு பெண் தனக்குப் பிடித்த வேலை இன்னதென்று இருபத்திரண்டு வயதிலேயே தெளிவாகச் சொல்கிறாள். அது எத்தனை பேருக்கு வாய்க்கிறது? அவள் பக்கத்தில் நிற்க வேண்டியவர் நீங்கள். சொந்தக்காரர்கள் பேசியதை மூட்டை கட்டி என்னிடம் அனுப்புகிறீர்கள்.

சரி, அந்த இடம் எப்படி வந்தது? அமெரிக்க எண்ணெய் முதலாளி ஜான் டி. ராக்ஃபெல்லருக்கு ஃபிரடெரிக் கேட்ஸ் என்று ஓர் ஆலோசகர் இருந்தார். பாதிரியாராக இருந்தவர், டாக்டர் இல்லை. 1897 கோடையில் வில்லியம் ஆஸ்லர் எழுதிய கனமான மருத்துவப் பாடநூலை எடுத்து வைத்துக்கொண்டு படித்தார். நோய்க்குப் பெயர் இருக்கிறது, அறிகுறி இருக்கிறது, பெரும்பாலான நோய்களுக்கு மருந்து மட்டும் இல்லை என்று அவருக்குப் புரிந்தது. 1901 தொடக்கத்தில் ராக்ஃபெல்லரின் சின்னப் பேரன் ஸ்கார்லெட் காய்ச்சல் என்ற தொற்றுநோயில் இறந்துபோனான். அந்த வருடமே மருத்துவ ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. உங்கள் சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லுங்கள்: உலகத்திலேயே பெரிய பணக்காரர்களில் ஒருவரின் வீட்டுப் பிள்ளைக்கு டாக்டருக்கா பஞ்சம்? ஊசிக்குள் ஏற்ற மருந்துதான் இல்லை. அதைத் தேடுவதுதான் உங்கள் மகள் படிக்க ஆசைப்படும் படிப்பு.

1910இல் அந்த நிலையம் தனக்கென்று மருத்துவமனையையும் திறந்தது. அங்கே நிமோனியாக் கிருமியை ஆராய்ந்துகொண்டிருந்தவர் ஆஸ்வால்ட் ஏவரி. இவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 1928இல் இங்கிலாந்தில் ஃபிரடெரிக் கிரிஃபித் ஓர் ஆச்சரியத்தைக் கண்டார். கொடிய கிருமியைச் சூடாக்கிக் கொன்று, தீங்கு செய்யாத உயிருள்ள கிருமியோடு சேர்த்துச் சுண்டெலிக்குச் செலுத்தினால் சுண்டெலி செத்தது. செத்துப்போன கிருமியின் குணம் உயிருள்ள கிருமிக்கு வந்துவிட்டது! ஏவரி இதை நம்பவில்லை. கிருமிகளின் வகை மாறாது என்பது அவருடைய பல வருட உழைப்பின் அடித்தளம். ஆனால் அவர் ஆய்வகத்திலேயே இருந்த மார்ட்டின் டாசன் என்ற இளைஞர் நம்பினார். செய்து பார்த்தார், வந்தது. அப்புறம் லயோனல் அலோவே கிருமியை உடைத்து, சாற்றை மட்டும் எடுத்துச் செய்தார். அதிலும் வந்தது. ஏவரி தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். அந்தச் சாற்றில் குணத்தைக் கடத்துவது எது என்ற தேடலில் தானே இறங்கினார். 1944இல், 66 வயதில், மெக்லியோட், மெக்கார்ட்டி என்ற இரண்டு இளையவர்களோடு சேர்ந்து விடையை வெளியிட்டார். அதுதான் டி.என்.ஏ.

நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. தான் நம்பாத ஒன்றைத் தன் மேசைக்கு அடுத்த மேசையில் ஒரு சின்னப் பையன் செய்து பார்க்க அவர் விட்டாரே, அதுதான் பெரிது.

என் அண்ணனுக்கு அப்படி ஒருவர் கிடைக்கவில்லை. எண்பதுகளில் சென்னையில் ஓர் ஆய்வகத்தில் பிஎச்.டி. சேர்ந்தார். மூன்றாம் வருடம் ஒரு நொதியை (என்சைம்) அளக்கும்போது, ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியரான கைடு ஏற்கெனவே அச்சில் கொண்டுவந்திருந்த அளவுக்கு மாறாக வந்தது. "மறுபடி செய்" என்றார் கைடு. செய்தார். மறுபடியும் அதே அளவு. பதினொரு தடவை செய்திருக்கிறார். தேதியும் அளவும் அழகான கையெழுத்தில் நோட்டில் இருக்கின்றன. கடைசியில் கைடு தலைப்பையே மாற்றச் சொன்னார். அண்ணன் மாட்டேன் என்றார். கைடின் ஒப்புதல் கையெழுத்துக்காக இரண்டு வருடம் அவர் அறை வாசலில் நின்றுவிட்டு, மெடிக்கல் ரெப் வேலைக்குப் போய்விட்டார். போன வருடம் தவறிவிட்டார். அந்தப் பதினொரு அளவுகளும் சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. யாராவது உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நம் ஊரில் கைடு என்றால் கும்பிட வேண்டிய ஆள் என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்க்கிறோம். குருபக்தி என்று அதற்குப் பெயர் வேறு. மாணவர் கொண்டுவரும் அளவை மேசையில் வைத்துப் பார்க்காதவரை எப்படிக் குரு என்பது? எனக்கு இதில் சமாதானமே கிடையாது.

ராக்ஃபெல்லர் நிலையம் அரை நூற்றாண்டுக்கு மேல் மாணவர்கள் இல்லாமலேயே நடந்தது. 1953இல் தலைமைக்கு வந்த டெட்லெவ் பிராங்க் அதை மாற்றினார். 1954இல் அது பட்டம் தரும் நிறுவனமானது, 1955இல் முதல் மாணவர்கள் வந்தார்கள், 1959இல் முதல் பட்டங்கள் தரப்பட்டன. பல்கலைக்கழகம் என்ற பெயர் வந்தது 1965இல்தான். துறைகள் கிடையாது, ஆய்வகங்கள்தான். இளங்கலை ஏன் இல்லை என்று கேட்டீர்களே, காரணம் இதுதான். வகுப்பறையிலிருந்து வளர்ந்த இடமல்ல அது. ஆய்வகங்கள் நடந்துகொண்டிருந்த இடத்துக்கு மாணவர்கள் பிறகுதான் வந்தார்கள்.

வந்தவர்கள் என்ன செய்தார்கள்? ஜெரால்ட் எடல்மன் மாணவராக இருந்தபோதே நோய் எதிர்ப்புப் புரதத்தைத் தனித்தனிச் சங்கிலிகளாகப் பிரித்துக் காட்டினார். 1960இல் பட்டம், 1972இல் நோபல். டேவிட் பால்டிமோருக்கு 1964இல் பட்டம், 1975இல் நோபல்.

உங்கள் மகள் அங்கே போனாலும் சரி, வேறெங்கே போனாலும் சரி, கைடைத் தேர்ந்தெடுக்கும் முன் அந்த ஆய்வகத்தின் பழைய மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: "உங்கள் கைடு சொன்னது தப்பு என்று நீங்கள் காட்டியபோது அவர் என்ன செய்தார்?" பதில் வரும்போது அவர்கள் முகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அண்ணனின் நோட்டுகள் நான்கு இருக்கின்றன. உயிர்வேதியியல் படித்தவள் என்கிறீர்கள், அவளுக்கு அந்த அளவுகள் புரியும். படிக்க விருப்பமிருந்தால் அனுப்பி வைக்கிறேன். அடுத்த கடிதத்தை நீங்கள் எழுத வேண்டாம். அவளையே எழுதச் சொல்லுங்கள்.