ஓட்டை மங்கும் ஒரு நியூரானும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

போன வாரம் சுங்கை சிப்புட்டில் மூளையைப் போல வேலை செய்யும் ‘நியூரோமார்ஃபிக்’ கணினிகளைப் பற்றிப் பேசினேன். நேரமாகிவிட்டதால் பலர் கேள்விகளைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். எனக்குப் பதில் தெரிந்தவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, சாட்ஜிபிடியையும் ‘நியூரல் நெட்வொர்க்’ என்றுதான் சொல்கிறார்கள். அதுவே மூளை மாதிரிதானே, அப்புறம் தனியாக எதற்கு ‘நியூரோமார்ஃபிக்’ சில்லு?

பெயர் ஒன்றுதான் தம்பி, வேலை செய்யும் விதம் வேறு. 1943-ல் மெக்கலக், பிட்ஸ் என்ற இருவர் நியூரானை, அதாவது மூளையின் நரம்புச் செல்லை, ஒரு சின்னக் கணக்காகச் சுருக்கினார்கள்: வருவதையெல்லாம் கூட்டு, ஓர் அளவைத் தாண்டினால் ஒன்று, தாண்டாவிட்டால் பூஜ்யம். இன்றைய ஏஐ அந்த வழியில் வளர்ந்ததுதான், ஆனால் நிஜ நியூரானின் முக்கியமான குணம் ஒன்றை அது வழியிலேயே விட்டுவிட்டது. நிஜ நியூரான் பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கும். போதுமான அளவு சேர்ந்தால் மட்டும் ஏறக்குறைய ஒரு மில்லிவினாடி நீடிக்கும் ஒரு மின்துடிப்பு, மறுபடியும் அமைதி. சுமார் 86 பில்லியன் நியூரான்கள் இருந்தும் மூளை 20 வாட்டில் ஓடுவதற்கு இது பெரிய காரணம்.

என் அப்பா செம்பனைக் குலை வெட்டியவர். அவர் ஒவ்வொரு மரத்தையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்து நான் பார்த்ததில்லை, கண் மரத்தடியில்தான் இருக்கும். பழம் உதிர்ந்து கிடந்தால்தான் நிமிர்ந்து குலையைப் பார்ப்பார், இல்லாவிட்டால் அடுத்த மரம். நியூரோமார்ஃபிக் சில்லும் அப்படித்தான், சேதி வந்த இடம் மட்டும் விழித்துக்கொள்ளும். இதே யோசனையில் கேமராவும் இருக்கிறது: ஒவ்வொரு புள்ளியும் தன்மேல் விழும் வெளிச்சம் மாறினால் மட்டும் சேதி அனுப்பும். சாதாரணப் பாதுகாப்புக் கேமராவோ ஆளில்லாத சடக்கை இராத்திரி முழுக்க ஒரே மாதிரி படம் பிடித்துக்கொண்டே இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. சாதாரணக் கணினியில் நினைவகம் ஓர் இடம், கணக்குப் போடுவது வேறு இடம், இரண்டுக்கும் நடுவே தரவைச் சுமந்து சுமந்தே நிறைய மின்சாரம் போய்விடும். மூளையில் நரம்பிணைப்பு இருக்கும் இடத்திலேயே நினைவும் கணக்கும் நடக்கின்றன. 1980-களில் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்வர் மீட் தொடங்கிவைத்த துறை இது. 2014-ல் ஐபிஎம் காட்டிய ட்ரூநார்த் சில்லில் ஒரு மில்லியன் நியூரான்கள், 256 மில்லியன் இணைப்புகள், செலவு ஏறக்குறைய 70 மில்லிவாட். ஆனாலும் பயிற்சி கொடுப்பதுதான் சிக்கல். துடிப்பு என்பது சட்டென்று எகிறி விழுவது, ஏஐ கற்கும் வழிக்கோ படிப்படியாக ஏறி இறங்கும் சரிவு வேண்டும், அதனால் சுற்றுவழிகளைத் தேட வேண்டியிருக்கிறது. கட்டுரை எழுதித் தரும் ஏஐக்கு இன்றைக்கு ஜிபியுதான், அதாவது ஒரே நேரத்தில் நிறையக் கணக்குப் போடும் சாதாரண வகைச் சில்லு.

மூளை முழுவதையும் கணினியில் ஏற்றிவிட்டால் அது மனிதனாகிவிடுமா?

முதலில் ஒரு புழுவை ஏற்ற வேண்டும். ‘சி. எலிகன்ஸ்’ என்ற ஒரு மில்லிமீட்டர் புழுவுக்கு 302 நியூரான்கள்தான். அவற்றின் இணைப்பு வரைபடம் 1986-லேயே வெளிவந்துவிட்டது, ஆனால் அந்தப் புழு செய்வதையெல்லாம் அப்படியே செய்யும் கணினிப் புழு இன்னும் இல்லை. எந்தக் கம்பி எதோடு சேர்ந்திருக்கிறது என்பதை வரைபடம் சொல்லும். எந்த இணைப்பு எவ்வளவு பலமானது, எந்த இரசாயனம் எப்போது அதை மாற்றும் என்பதைச் சொல்லாது. 2024-ல் பழ ஈயின் முழு மூளை வரைபடமும் வந்தது, சுமார் 1,39,000 நியூரான்கள். எனக்கு அது பெரிய சந்தோஷம். மனித மூளை அங்கிருந்து வெகு தூரம்.

பக்கவாதத்தில் அப்பாவுக்கு வலது கை போய்விட்டது. மூளையில் சில்லு வைத்தால் வருமா?

தம்பி, இதற்கு நான் மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். ஆராய்ச்சியில் நடந்திருக்கிறது. மூளைத்தண்டில் பக்கவாதம் வந்து கைகால் முடங்கிய ஒரு பெண்மணி, ஏறக்குறைய 15 வருடம் கழித்து, மூளையில் வைத்த மின்முனைகள் வழியாக ஓர் இயந்திரக் கையை நகர்த்தித் தானே காப்பி குடித்தார். 2012-ல் வெளிவந்த ஆய்வு அது. ஆனால் அசைந்தது இயந்திரக் கை, அவருடைய கை இல்லை. அதோடு இவை இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன. யாராவது பணம் கேட்டு இதைச் செய்து தருகிறேன் என்றால் நம்ப வேண்டாம். நரம்புக் கருவிகளில் ரொம்ப நாளாக நிரூபணமானது காது கேட்க வைக்கும் காக்ளியர் இம்ப்ளான்ட், இருபது சொச்சம் மின்முனைகளை வைத்துக்கொண்டு பேச்சைப் புரிய வைக்கிறது. அப்பாவுக்கு இப்போது பிசியோதெரபியை விடாதீர்கள், அந்தக் கையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தவைத்தால்தான் மூளை புது வழிகளைப் போடும்.

நான் ஐந்தாம் படிவம். வீட்டில் ஒரு பழைய மடிக்கணினிதான். இதையெல்லாம் செய்து பார்க்க முடியுமா அக்கா?

தாராளமாக முடியும் தங்கச்சி. பைத்தான் என்ற நிரல்மொழியைப் போடு, அதோடு நியூரான்களைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் ‘பிரையன் 2’ என்ற மென்பொருளையும் போடு, இரண்டும் இலவசம். முதலில் ஒரே ஒரு நியூரான் செய். பால் மரத்து மங்கில், அதாவது ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணத்தில், அடியில் சின்ன ஓட்டை இருப்பதாக நினைத்துக்கொள்: பால் சொட்டுகிறது, கொஞ்சம் ஒழுகவும் செய்கிறது, விளிம்பைத் தொட்டதும் யாரோ கவிழ்த்துவிடுகிறார்கள், மறுபடி முதலிலிருந்து. நியூரானில் பாலுக்குப் பதில் மின்னழுத்தம். ஓய்வில் −70 மில்லிவோல்ட், விளிம்பு −50 என்று வை, தொட்டதும் −70-க்குத் திருப்பிவிடு, ஒழுகும் வேகத்தைக் குறிக்கும் நேர மாறிலிக்கு (time constant) 10 மில்லிவினாடி போதும்.

அப்புறம் உள்ளே விடும் மின்னோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார். ஓர் இடத்தில் துடிப்பு சுத்தமாக நின்றுவிடும், ஏனென்றால் சொட்டுவதும் ஒழுகுவதும் சமமாகி மங்கு நிறையவே நிறையாது. அந்த இடம் எது என்று ஓடவிடுவதற்கு முன்னால் தாளில் கணக்குப் போட்டுக் கண்டுபிடி. இரண்டும் ஒத்துவந்தால் எனக்கு எழுது, அடுத்து இரண்டு நியூரான்களை இணைக்கச் சொல்லித் தருகிறேன்.