டப்பாவில் 120 மி.கி., எலக்ட்ரோடில் சொற்பம்: சோயா பாலின் கால்சியம் எங்கே போனது?

"சோயா பாலைக் கால்சியம் எலக்ட்ரோடில் அளந்தேன். டப்பாவில் 100 மில்லிக்கு 120 மி.கி. என்றிருக்கிறது, எனக்கு அதில் சொற்பம்தான் வருகிறது. எலக்ட்ரோடு கெட்டுவிட்டதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் கெட்டிருக்காது. கால்சியம் எலக்ட்ரோடு என்பது கரைசலில் உள்ள கால்சியம் அயனிக்கு ஏற்ப மில்லிவோல்ட் காட்டும் கருவி. 120 மி.கி. என்பது லிட்டருக்கு 30 மில்லிமோல். ஆனால் எலக்ட்ரோடின் கண்ணுக்குத் தெரிவது தண்ணீரில் தனியாகத் திரியும் கால்சியம் அயனி மட்டும். சோயா பாலில் சேர்ப்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் அல்லது ட்ரைகால்சியம் பாஸ்பேட். இரண்டும் லேசில் கரையாத பொடி, அடியில் போய் உட்கார்ந்துவிடும். 'நன்றாகக் குலுக்கவும்' என்று போடுவது அதனால்தான். கரைகிற கொஞ்சத்தையும் சோயாவில் இயல்பாக உள்ள ஃபைட்டேட் என்ற பாஸ்பரஸ் சேர்மமும் புரதமும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நானும் முதலில் நம்பவில்லை. அமிலம் விட்டால் கரையுமே என்று கையில் கிடைத்த எலுமிச்சையைப் பிழிந்தேன். எதிர்பார்த்த அளவுக்கு ஏறவே இல்லை. அரை நாள் திரும்பத் திரும்பக் காலிபரேஷன் (அளவு தெரிந்த கரைசல்களை வைத்துக் கருவியைச் சரிபார்ப்பது) செய்த பிறகுதான் உறைத்தது: கார்பனேட் விட்ட கால்சியத்தை எலுமிச்சையின் சிட்ரேட் கவ்விக்கொண்டது. மறுநாள் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். அளவு சரசரவென்று ஏறியது, கூடவே பால் திரிந்து பீக்கரில் டோஃபு! அந்தத் திப்பி எலக்ட்ரோடு நுனியின் மெம்பிரேனில் (கால்சியத்தை உணரும் மெல்லிய சவ்வு) ஒட்டி, 28 மில்லிவோல்ட் இருந்த சரிவு, அதாவது செறிவு பத்து மடங்காகும்போது ஏறும் அளவு, 22க்கு இறங்கியது. டிஷ்யூவால் தேய்த்துவிடாதீர்கள், கழுவி, நீர்த்த கால்சியம் கரைசலில் இரவு முழுக்க ஊற வையுங்கள். எனக்கு அப்படித்தான் மீண்டது.

அந்தச் சரிவு கணக்குப்படி 25 டிகிரியில் 29.6 மில்லிவோல்ட் இருக்க வேண்டும். ஒரு மில்லிவோல்ட் பிசகினாலே விடையில் 8 சதவீதம் போய்விடும். அதனால் ஸ்டாண்டர்டும் (அளவு தெரிந்த கரைசல்) சாம்பிளும் ஒரே வெப்பநிலையில் இருக்கட்டும், இரண்டின் அயனிச் செறிவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க இரண்டிலும் 100 மில்லிக்கு 2 மில்லி 4 மோலார் பொட்டாசியம் குளோரைடு சேருங்கள்.

இன்னொன்று: எலக்ட்ரோடு காட்டுவதுதான் உடம்பில் சேரும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கார்பனேட்டை இரைப்பை அமிலம் கரைத்துவிடும். பாலக்கீரையில் ஆக்ஸலேட்டோடு சேர்ந்த கால்சியம் அங்கேயும் பெரிதாக அசையாது. உடம்பு எடுத்துக்கொள்வது 5 சதவீதம் போலத்தான்.

டப்பா எண்ணைச் சரிபார்ப்பதுதான் நோக்கம் என்றால் எலக்ட்ரோடை விடுங்கள். பாலைச் சாம்பலாக்கி, அமிலத்தில் கரைத்து, அணு உறிஞ்சல் கருவியில் (அணுக்கள் உறிஞ்சும் ஒளியை வைத்து மொத்தக் கால்சியத்தை அளப்பது) கொடுங்கள். பாஸ்பேட்டின் தொல்லையைத் தடுக்கும் லாந்தனம் என்ற உலோகத்தின் உப்பைச் சேர்க்க மறந்தால் பாஸ்பேட் அங்கேயும் குறைத்துக் காட்டும்.