தெருமுனையில் பிறந்த குரல்கள்: டூ-வாப் கேள்வி பதில்

'டூ-வாப்' எனப்படும் பழைய அமெரிக்கக் குழுப்பாட்டைப் பற்றி நான் எழுதுவதைப் படித்து நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பாட்டு நிலைத்து, பாடியவர்களின் பெயர் மறைந்துபோன குழுக்கள் பல. அவர்களுக்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

'டூ-வாப்' என்ற சொல்லுக்குப் பொருள் ஏதாவது உண்டா? (கல்லூரி மாணவி ஒருவர்)

பொருள் கிடையாது, வேலை உண்டு. நம் நாட்டுப்பாட்டில் 'தன்னன்னானே' வந்து மெட்டைத் தாங்கிப் பிடிக்கிறதே, அதே வேலைதான். நியூயார்க், பிலடெல்பியா, பால்டிமோர் போன்ற நகரங்களில் கருப்பினப் பையன்கள் நாலைந்து பேர் தெருமுனையில் கூடிப் பாடுவார்கள். கிதார் வாங்கக் காசிருக்காது, தாழ்ந்த சுரம் தரும் பேஸ் வாத்தியத்துக்குப் பேச்சே இல்லை. அதனால் ஒருவன் வாயாலேயே அடித்தளம் போடுவான், மற்றவர்கள் 'ஷூ-டூ-பி-டூ' என்று நிரப்புவார்கள்.

அவர்கள் பாடிய காலத்தில் இதற்கு இந்தப் பெயரே இல்லை. கருப்பினத்தவர் இசைக்கு அன்று வழங்கிய பெயரான ரிதம் அண்ட் ப்ளூஸ் என்பார்கள், அல்லது வெறுமனே 'குரூப்' என்பார்கள். 'டூ-வாப்' 1960களின் தொடக்கத்தில்தான் ஒரு வகைப்பெயராக அச்சில் வந்தது. ஆனால் 1955இலேயே பிலடெல்பியாவின் டர்பன்ஸ் குழு 'வென் யூ டான்ஸ்' பாட்டில் அந்த அசைகளைத் தெளிவாகப் பாடியிருக்கிறது. பெயருக்கேற்ப மேடையில் தலைப்பாகை கட்டிக்கொண்டு பாடிய குழு அது.

நான் தேவாலயப் பாடகர் குழுவில் கிதார் வாசிக்கிறேன். இந்தப் பாட்டுகள் எல்லாம் ஒரே மாதிரி கேட்கின்றனவே, ஏன்?

உங்கள் காது சரியாகத்தான் இருக்கிறது. சி மேஜர், ஏ மைனர், எஃப் மேஜர், ஜி மேஜர் என்று நான்கு கார்டையும் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) வரிசையாகச் சுற்றிச் சுற்றி வாசித்துப் பாருங்கள். ஏராளமான டூ-வாப் பாட்டுகள் அதற்குள் அடங்கிவிடும். மெதுவான காதல் பாட்டு என்றால் பெரும்பாலும் இதுதான். காதால் கேட்டே கற்றுக்கொண்ட பையன்களுக்கு, முன்பின் தெரியாதவனோடு நின்றும் உடனே பாட இந்தச் சுற்று கைகொடுத்தது.

குரல் அமைப்புக்கு முன்னோடி 1930களின் இங்க் ஸ்பாட்ஸ் குழு. மேலே மிக உயர்ந்த டெனர், கீழே பேச்சைப் போல வரும் பேஸ். 1946இல் நியூயார்க்கில் தொடங்கிய ரேவன்ஸ் குழுவில் ஜிம்மி ரிக்ஸ் அந்த பேஸ் குரலையே முன்னணிக்குக் கொண்டுவந்தார். பள்ளிக் கழிப்பறை, சுரங்க ரயில் நிலையம், மாடிப்படி என்று எதிரொலி கிடைக்கும் இடங்களைத் தேடித் தேடிப் பாடினார்கள். ஒலிப்பதிவில் நீங்கள் கேட்கும் அந்த ஈரமான முழக்கத்தின் மீது அவர்களுக்கு ஆசை வந்தது அங்கேதான்.

எல்லாக் குழுவுக்கும் பறவைப் பெயர் ஏன்?

ரேவன்ஸ் தொடங்கிவைத்தது. அடுத்து பால்டிமோரின் ஓரியோல்ஸ், மேரிலாந்து மாநிலப் பறவையின் பெயரில். அவர்கள் 1948இல் பாடிய 'இட்ஸ் டூ சூன் டு நோ' பெரிய வெற்றி. அதை எழுதிய டெபோரா செஸ்லர் கடையில் விற்பனை வேலை பார்த்த இளம் யூதப் பெண். குழுவின் மேலாளரும் அவர்தான். பிறகு லார்க்ஸ், ஸ்வாலோஸ், க்ரோஸ், ஃபிளமிங்கோஸ் என்று வானமே நிறைந்துவிட்டது. பெங்குவின்ஸ் மட்டும் விலக்கு, அவர்கள் பெயர் ஒரு சிகரெட் விளம்பரத்தில் வந்த பெங்குவினிலிருந்து எடுத்தது.

அந்தப் பெங்குவின்ஸ் பற்றிச் சொல்லுங்கள் அண்ணா. 'எர்த் ஏஞ்சல்' தவிர அவர்கள் பெயரில் வேறு எதுவும் காதில் விழவில்லையே.

விழாததற்குக் காரணம் ஒரு ஒப்பந்தம், தம்பி. லாஸ் ஏஞ்சலஸில் பள்ளிப் பழக்கத்தில் சேர்ந்த பையன்கள் அவர்கள். 1954இல் டூடோன் என்ற சிறிய நிறுவனத்துக்காக ஒரு வீட்டின் கார் கொட்டகையில் பாடினார்கள். இசைத்தட்டின் மறுபக்கத்துப் பாட்டைத்தான் நிறுவனம் முதலில் நம்பியது. வானொலிக்காரர்கள் திருப்பிப்போட்டதால் 'எர்த் ஏஞ்சல்' பிடித்துக்கொண்டது. சின்ன நிறுவனத்துத் தட்டு ஒன்று நாடு முழுவதற்குமான பாப் பட்டியலில் 8ஆம் இடம் வரை போனது அந்தக் காலத்தில் பெரிய காரியம்.

உடனே மெர்குரி என்ற பெரிய நிறுவனம் அவர்களைக் கேட்டு வந்தது. மேலாளர் பக் ராம் ஒரு நிபந்தனை வைத்தார்: பெங்குவின்ஸ் வேண்டுமென்றால் என்னிடம் இருக்கும் இன்னொரு குழுவையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இன்னொரு குழுதான் பிளாட்டர்ஸ். 1955இல் 'ஒன்லி யூ' வெளிவந்து பிளாட்டர்ஸ் உலகப் புகழ் பெற்றது. நிறுவனம் ஆசைப்பட்டுக் கேட்ட பெங்குவின்ஸுக்கு மெர்குரியில் அந்த அளவு வெற்றி ஒன்றுகூட அமையவில்லை. பிளாட்டர்ஸைக் குறை சொல்ல நான் வரவில்லை, அருமையான குழு. ஆனால் கிளீவ் டங்கனின் அந்தக் கனிந்த டெனர் குரலுக்கு இன்னும் நாலு நல்ல பாட்டு கிடைத்திருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

'ஷ்-பூம்' வெள்ளையர் குழுவின் பாட்டு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லையா?

இல்லை. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியைச் சேர்ந்த கார்ட்ஸ் குழு எழுதிப் பாடி 1954இல் வெளியிட்ட பாட்டு. அதுவும் நிறுவனம் முதலில் நம்பாத பக்கத்துப் பாட்டுதான். கனடாவின் க்ரூ கட்ஸ் அதே கோடையில் பாடி வெளியிட்டது முதலிடம் பிடித்தது. பாட்டை எழுதியவருக்குச் சட்டத்தில் உரிமை உண்டு, பாடிய விதத்துக்கு உரிமை இல்லை. அசை, இடைவெளி, வளைவு எல்லாவற்றையும் இன்னொருவர் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வானொலியிலும் கடையிலும் வெள்ளையருக்குத் தனி வரிசை, கருப்பினத்தவருக்குத் தனி வரிசை என்று இருந்த நாடு. இரண்டாவதாகப் பாடியவர்களுக்கு எல்லாக் கதவும் திறந்தது.

கார்ட்ஸுக்கு அதற்கு மேலும் ஓர் அடி. அதே பெயரில் வேறொரு குழு முன்பே இருந்ததால் பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. புகழ் வந்த கையோடு பெயர் போனால், அடுத்த தட்டை வாங்க வருபவருக்கு யாரைக் கேட்பது என்றே தெரியாது. இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். கார்ட்ஸின் பாட்டில் ஊஞ்சல் இருக்கிறது, மற்றதில் அணிவகுப்பு இருக்கிறது. எனக்கு ஊஞ்சல்தான்.

உங்களை மிகவும் பாதித்த குழு எது?

ப்ரிஸனெயர்ஸ். பெயரைப் பார்த்தாலே புரியும், கைதிகள். நாஷ்வில் நகரில் டென்னசி மாநிலச் சிறையில் இருந்த ஐந்து பேர். முன்னணிக் குரல் ஜானி ப்ராக், 1943இல் பதின்ம வயதில் உள்ளே போனவர். ஒரு மழை நாளில் சிறை முற்றத்தைக் கடக்கும்போது, 'நாம் இப்படி மழையில் நடந்து கொண்டிருக்கிறோம்' என்று அவர் சொன்ன பேச்சே பாட்டாயிற்று. ப்ராக்குக்கு எழுதத் தெரியாது. ராபர்ட் ரைலி என்ற சக கைதி எழுதிக் கொடுத்தார், அதற்குக் கைம்மாறாக அவர் பெயரும் பாட்டில் சேர்ந்தது.

1953 ஜூன் 1 அன்று ஆயுதக் காவலோடு அவர்களைச் சுமார் 200 மைல் தள்ளி மெம்ஃபிஸுக்கு அழைத்துப் போனார்கள். சாம் ஃபிலிப்ஸின் சன் நிறுவனத்தில் 'ஜஸ்ட் வாக்கிங் இன் த ரெயின்' பதிவானது. எல்விஸ் பிரஸ்லி தன் சொந்தக் காசில் ஒரு தட்டுப் பதிய அதே வாசலுக்கு வந்ததும் அதே கோடையில்தான். ஆளுநர் ஃபிராங்க் கிளமெண்ட் இவர்கள் பாட்டை விரும்பினார், ஆளுநர் மாளிகையிலேயே பாடவைத்தார். 1956இல் ஜானி ரே இந்தப் பாட்டைப் பாடி அமெரிக்காவில் 2ஆம் இடத்துக்குக் கொண்டு போனார். ஜானி ரே பாடியதில் சீட்டியடிப்பு உண்டு, கேட்க இனிமைதான். ப்ராக் பாடியதில் மழை இருக்கிறது. பின்னால் மெல்ல ஒரு கிதார், அவ்வளவுதான். மழையில் நடக்கும் ஆளுக்குப் போக ஓர் இடம் இல்லை என்பது ஒவ்வொரு மூச்சிலும் கேட்கும்.

பெண்கள் பாடவில்லையா?

பாடினார்கள், நன்றாகவே பாடினார்கள். பிராங்க்ஸில் ஒரு கத்தோலிக்கப் பள்ளி மாணவிகள் ஐந்து பேர் சேர்ந்த சாண்டெல்ஸ் குழுவைக் கேளுங்கள். பூசையில் பாடும் கிரகோரியன் இசையில் பயின்றவர்கள். 1957 கடைசியில் வந்த 'மேபி'யில் ஆர்லீன் ஸ்மித் தொடங்கும் அந்த முதல் கூவலைக் கேட்டால் பதினாறு வயதுப் பெண் என்று நம்ப முடியாது. லாஸ் ஏஞ்சலஸில் ஷெர்லி கண்டரின் க்வீன்ஸ் 1954இலேயே 'ஊப் ஷூப்' பாடிவிட்டது. அதில் இருந்த ஸோலா டெய்லர்தான் பிறகு பிளாட்டர்ஸில் சேர்ந்தவர்.

பாட்டு எழுதிய சிறுவர்களுக்குப் பணம் கிடைத்ததா?

அநேகமாக இல்லை. தட்டின் நடுவே ஒட்டும் வட்டச் சீட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே ராயல்டி. ஆகவே நிறுவன முதலாளியின் பெயர் அங்கே ஏறிவிடும். 1956இல் வந்த 'ஒய் டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்' பாட்டில் முன்னணிப் பாடகர் ஃபிராங்கி லைமனுடன் தயாரிப்பாளர் ஜார்ஜ் கோல்ட்னர் பெயர் சேர்ந்தது, பிறகு அந்த இடத்துக்கு இசைத்தட்டு நிறுவன முதலாளி மோரிஸ் லெவியின் பெயர் வந்தது. அந்தப் பாட்டைப் பாடிய டீனேஜர்ஸ் குழுவின் ஹெர்மன் சாண்டியாகோவும் ஜிம்மி மெர்ச்சண்டும் நாங்கள்தான் எழுதினோம் என்று வழக்குப் போட்டு 1992இல் வென்றார்கள். 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் காலக்கெடு கடந்துவிட்டது என்று அதை ரத்து செய்தது. எழுதியது யார் என்ற கேள்வியில் அவர்கள் தோற்கவில்லை, தாமதமாக வந்ததால் தோற்றார்கள். பதினாறு வயதுப் பையனுக்கு எந்த வக்கீலைத் தெரியும்?

அரிய இசைத்தட்டு சேகரிப்பவர்கள் 'ஸ்டார்மி வெதர்' என்றாலே பெருமூச்சு விடுகிறார்களே?

ஃபைவ் ஷார்ப்ஸ், 1952, ஜூபிலி நிறுவனம், நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பழைய வகைத் தட்டு. நியூயார்க் குவீன்ஸ் பகுதிப் பையன்கள். பாட்டின் தொடக்கத்தில் இடியோசை வரும். விற்கவே இல்லை. 1961இல் ஒரு சேகரிப்பாளர் தன் பிரதியை டைம்ஸ் ஸ்கொயர் ரெக்கார்ட்ஸ் கடைக்கு இரவல் கொடுத்தார், அது அங்கே உடைந்துபோனது. கடையில் வளர்ந்த ரக்கூன் என்ற சிறு விலங்கு அதன்மேல் உட்கார்ந்துவிட்டது என்பது சேகரிப்பாளர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. வேறு பிரதிக்குப் பரிசு அறிவித்தும் கிடைக்கவில்லை. மூலப் பதிவும் நிறுவனத்திடம் இல்லாமல் போகவே, 1964இல் வேறு பாடகர்களை வைத்து அதே பெயரில் மறுபடி பதிந்தார்கள். பழைய பிரதி ஒன்று பல வருடம் கழித்துத்தான், அதுவும் விரிசலோடு, வெளியே வந்தது.

சுரங்க ரயில் நிலையத்து வணிக வளாகத்தில் இருந்த அந்தக் கடையை நான் நன்றியோடு நினைக்கிறேன். 'ஸ்லிம்' என்று அழைக்கப்பட்ட இர்விங் ரோஸ் நடத்தியது. குவீன்ஸைச் சேர்ந்த கேப்ரிஸ் குழு 1958இல் 'தேர்ஸ் எ மூன் அவுட் டுநைட்' பாடியது, ஓடவில்லை, குழுவும் கலைந்தது. அந்தக் கடையில் வேலை பார்த்த ஜெரி கிரீன் மூலப் பதிவை வாங்கி மறுபடி வெளியிட்டார். 1961இல் பாட்டு 3ஆம் இடம். பிரிந்துபோன பையன்கள் திரும்பக் கூடினார்கள்.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

நியூ ஹேவன் நகரத்திலிருந்து. 1956இல் அங்கே செயின்ட் பெர்னடெட் தேவாலயத்தின் நிலவறையில் ஃபைவ் சாட்டின்ஸ் 'இன் த ஸ்டில் ஆஃப் த நைட்' பதிந்தது. எழுதிய ஃபிரெட் பாரிஸ் அப்போது ராணுவத்தில் இருந்தார், இரவுக் காவலில் நின்றபோது எழுதியது. பாட்டு ஊரெல்லாம் ஒலித்தபோது அவர் ஜப்பானில் பணியில் இருந்தார். 2022இல் இறக்கும்வரை அந்தப் பாட்டு அவரைக் கைவிடவில்லை.

அடுத்து அதே ஊரின் நட்மெக்ஸ். 1955இல் வந்த 'ஸ்டோரி அன்டோல்ட்' கேட்டுவிட்டு, அவர்களின் ஒத்திகை நாடாவைத் தேடுங்கள். ஸ்லிம் ரோஸ் வாங்கித் தட்டாக வெளியிட்டது. வாத்தியமே இல்லை, வெறும் குரல்கள். லீராய் கிரிஃபின் குரலை வளைத்து வளைத்து மேலே ஏற்றும்போது மற்றவர்கள் கீழே காத்திருப்பார்கள். ஹெட்போன் போட்டுக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.