சர்க்கரைப் பூனை: ஊசி, ஸ்ட்ரிப், சில சந்தேகங்கள்

சர்க்கரை நோய் வந்த பூனைகளை வைத்திருப்பவர்கள் கேட்ட கேள்விகளும், கால்நடை மருத்துவராக என் பதில்களும் இவை. மருந்தளவு விஷயத்தில் உங்கள் பூனையைத் தொட்டுப் பார்த்த மருத்துவர் சொல்வதுதான் முடிவு. இங்கே வரும் சுகர் எண்கள் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. உங்கள் மீட்டர் மில்லிமோலில் காட்டினால் 18ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: காலை ஊசிக்கு முன்னால் 380 காட்டியது. நேற்று 290தான். டாக்டர் 1 யூனிட் இன்சுலின் எழுதியிருக்கிறார். இன்றைக்கு மட்டும் 2 போடட்டுமா?

வேண்டாம். ஊசிக்கு முன்னால் பார்க்கும் எண், போன ஊசியின் வேகம் தீர்ந்த நேரத்து எண். அது உயரமாக இருப்பதில் ஆச்சரியமில்லை. மருந்தளவைத் தீர்மானிப்பது இரண்டு ஊசிகளுக்கு நடுவில் சுகர் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதுதான். ஒரு விடுமுறை நாளில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை சோதித்து எழுதி வையுங்கள். இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: காலை 8 மணிக்கு 380, 10க்கு 290, 12க்கு 150, மதியம் 2க்கு 92, 4க்கு 140, 6க்கு 250, இரவு 8க்கு 350. காலையையும் இரவையும் மட்டும் பார்த்தால் மருந்து போதவில்லை என்றுதான் தோன்றும். ஆனால் 2 மணிக்கே 92. அடிமட்டம், அதாவது இரண்டு ஊசிகளுக்கு நடுவில் வரும் மிகக் குறைந்த எண், 80க்கும் 150க்கும் நடுவில் நிற்க வேண்டும் என்பதுதான் நம் இலக்கு, அது ஏற்கெனவே கிடைத்துவிட்டது. இதற்கு மேல் 1 யூனிட் ஏற்றினால் மதியம் நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் பூனை மயங்கி விழும்.

அடிமட்டம் 200, 250 என்றே நின்றால் ஏற்றலாம். அதையும் மருத்துவரைக் கேட்டு, அரை யூனிட், அதிகம் போனால் 1 யூனிட். ஏற்றிய பிறகு 5 முதல் 7 நாள் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். உடம்பு புது அளவுக்குப் பழக அவ்வளவு நாள் ஆகும். தினமும் எண்ணைப் பார்த்து அளவை மாற்றுகிறவர்களின் பூனைக்குத்தான் சுகர் கட்டுப்படாமலே போகிறது.

கேள்வி: காதில் குத்தினால் ரத்தமே வருவதில்லை. பூனையும் என்னைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் ஓடுகிறது.

காது குளிர்ந்திருந்தால் ரத்தம் வராது. வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அரை நிமிடம் ஒத்தி வையுங்கள், அல்லது விரல்களால் மெல்லத் தேயுங்கள். காதின் ஓரத்தில் ஒரு மெல்லிய ரத்தக் குழாய் ஓடும், வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். குத்த வேண்டியது அந்தக் குழாயில் இல்லை. அதற்கும் காதின் விளிம்புக்கும் நடுவில் உள்ள ஒடுங்கிய இடத்தில். பின்பக்கம் மடித்த பஞ்சு வைத்துக்கொண்டால் உங்கள் விரலில் குத்தாது. குத்தும் இடத்தில் வாஸலின் லேசாகத் தடவினால் ரத்தம் முடியில் பரவாமல் சொட்டாக நிற்கும். ஸ்ட்ரிப்பை முதலிலேயே மீட்டரில் செருகி வைத்துக்கொண்டு, சொட்டின் பக்கவாட்டில் தொடுங்கள், அதுவே உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் பஞ்சால் அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் காது கன்றிப்போகாது.

ஓடுவதற்கு மருந்து வேறு. சில நாட்கள் குத்தவே குத்தாதீர்கள். ஒரே இடத்தில் உட்கார வைத்து, காதைத் தொட்டு, அவித்த கோழித் துணுக்கு ஒன்று கொடுத்து விட்டுவிடுங்கள். காதைத் தொட்டால் கோழி வரும் என்று பூனை கற்றுக்கொண்ட பிறகு குத்துங்கள். ரத்தம் வந்தாலும் வராவிட்டாலும் கோழி உண்டு.

கேள்வி: மனிதர்களுக்கான மீட்டர் போதுமா?

போதும். ஆனால் அது பூனையின் உண்மையான அளவைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும். மனித ரத்தத்தில் சர்க்கரையின் கணிசமான பங்கு சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது, பூனைக்குப் பெரும்பகுதி பிளாஸ்மாவில். மீட்டரின் கணக்கு மனிதனுக்காகப் போட்டது. எதை வாங்கினாலும் அதையே வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு மீட்டரை ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். விலங்குகளுக்கான மீட்டர் என்றால் நாய்க்கும் பூனைக்கும் வேறு வேறு குறியீடு இருக்கும், சரி பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடையில் யூ-40 சிரிஞ்ச் இல்லை என்று யூ-100 கொடுத்தார்கள். ஊசி ஊசிதானே?

இல்லவே இல்லை. யூ-40 இன்சுலினில் 1 மில்லிக்கு 40 யூனிட், யூ-100இல் 100 யூனிட். சிரிஞ்சின் கோடுகளும் அதற்கேற்பப் போட்டவை. யூ-40 மருந்தை யூ-100 சிரிஞ்சில் 1 கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 0.4 யூனிட்தான். மாறாக கிளார்ஜின் போன்ற யூ-100 மருந்தை யூ-40 சிரிஞ்சில் எடுத்தால் 1 கோட்டுக்கு 2.5 யூனிட் போய்விடும். உயிருக்கே ஆபத்து. பாட்டிலிலும் சிரிஞ்ச் உறையிலும் ஒரே எண் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாருங்கள். யூ-100 பயன்படுத்துகிறவர்கள் அரை யூனிட் கோடு போட்ட 0.3 மில்லி சிரிஞ்ச் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: மதியம் பூனை குடித்தவன் மாதிரி தள்ளாடியது. சோதித்தால் 48. தேன் கொடுத்தேன், சரியாகிவிட்டது. மாலை ஊசி போடலாமா?

தேன் கொடுத்தது நல்ல காரியம். மாலை ஊசியைப் போடாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

எல்லோரும் இதைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். 60க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. திடீர்ப் பசி, சோர்வு, தள்ளாட்டம், வெறித்த பார்வை, கடைசியில் வலிப்பு என்று போகும். சில பூனைகள் எதையும் காட்டாமல் சும்மா படுத்திருக்கும். சாப்பிடும் நிலையில் இருந்தால் உடனே சாப்பாடு வையுங்கள், கூடவே தேன் அல்லது குளுக்கோஸ் கரைசல். மயக்கம், வலிப்பு என்றால் வாய்க்குள் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். விரலால் ஈறில் தடவுங்கள், பல்லிடுக்கில் விரலை விடாதீர்கள், தடவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். தேனில் ஏறிய சுகர் சீக்கிரம் இறங்கிவிடும், உள்ளே இன்சுலின் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். அதனால் எழுந்து நடந்துவிட்டது என்று நிம்மதியாக இருக்காமல் கால் மணிக்கு ஒருமுறை சோதியுங்கள்.

சுகர் 400இல் ஒரு நாள் இருந்தால் பூனை நிறையத் தண்ணீர் குடிக்கும், அவ்வளவுதான். 30இல் ஒரு மணி நேரம் இருந்தால் உயிருக்கே ஆபத்து. சந்தேகம் வந்தால் குறைவான பக்கமே சாயுங்கள்.

கேள்வி: ஊசி பாதி ரோமத்தில் போய்விட்டது. இன்னொன்று போடவா?

போடாதீர்கள். எவ்வளவு உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்த வேளைக்கு வழக்கமான அளவைப் போடுங்கள்.

கேள்வி: உலர் தீனியை நிறுத்தி மாவுச்சத்து குறைந்த ஈரத் தீனிக்கு மாற்றலாம் என்று படித்தேன். நாளையே மாற்றலாமா?

மாற்றுவது மிக நல்லது. நாளையே மாற்றுவதில்தான் சிக்கல். உலர் தீனியில் மாவுச்சத்து அதிகம், இப்போது போடும் இன்சுலின் அளவு அந்த மாவுச்சத்தையும் சேர்த்துச் சமாளிக்கப் போட்டது. தீனி மாறியதும் சில நாட்களிலேயே தேவை சரிந்துவிடும். பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தால் மேலே சொன்ன 48 உங்கள் வீட்டிலும் வரும். மருத்துவரிடம் சொல்லிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். அந்த நாட்களில் ஒவ்வொரு ஊசிக்கு முன்னும், நடுவிலும் சோதியுங்கள். புதிதாக ஊசி தொடங்கியவர்கள் ஊசி நேரத்தில் 200க்குக் கீழே இருந்தால் போடாமல் மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: காதில் குத்துவதற்குப் பதிலாகச் சிறுநீர் ஸ்ட்ரிப் போதாதா?

பூனையின் ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 250ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் தெரியும். ஸ்ட்ரிப்பில் ஒன்றும் இல்லை என்றால் ரத்தத்தில் 200ஆகவும் இருக்கலாம், 40ஆகவும் இருக்கலாம். அதை நம்பி ஊசி போட முடியாது. ஆனால் கீட்டோன் (இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது சேரும் அமிலப் பொருள்) பார்க்க அந்த ஸ்ட்ரிப் அருமையானது. கீட்டோன் தெரிந்து, பூனை சாப்பிடாமல், வாந்தி எடுத்துக்கொண்டு சோர்ந்து கிடந்தால் இரவானாலும் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: மருத்துவமனையில் 420, வீட்டில் 180. எதை நம்ப?

வீட்டை. பயத்திலேயே பூனைக்குச் சுகர் எகிறும், சர்க்கரை நோயே இல்லாத பூனைக்குக்கூட. முந்தைய சில வாரங்களின் நிலவரம் வேண்டுமானால் ஃப்ரக்டோசமின் என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது, அது பயத்தால் மாறாது.

கேள்வி: பின்னங்கால் குதிகால் தரையில் பட நடக்கிறது. மூட்டுவலியா?

கட்டுப்படாத சர்க்கரையால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கும். சுகர் கட்டுக்குள் வந்தால் பல பூனைகளுக்கு மெல்ல மெல்லத் தேறும், மாதக்கணக்கில் ஆகலாம்.

கேள்வி: ஊசிக்குப் பதில் வாய்வழி மருந்து வந்திருக்கிறதாமே?

ஆமாம். அமெரிக்காவில் பெக்சாகிளிஃப்ளோசின் 2022இலும் வெலாகிளிஃப்ளோசின் 2023இலும் அனுமதி பெற்றன. ஏற்கெனவே இன்சுலினில் இருக்கும் பூனைக்கு அவை இல்லை. சுகர் சாதாரணமாகக் காட்டும்போதே கீட்டோன் ஏறிவிடும் ஆபத்தும் உண்டு.

கேள்வி: ஆயுசு முழுக்க ஊசிதானா?

எல்லாப் பூனைக்கும் இல்லை. சீக்கிரம் தொடங்கி, உணவை மாற்றி, பருமன் குறைந்தால் கணிசமான பூனைகளுக்கு ஊசியே தேவைப்படாத நிலை வருகிறது. அதற்கு அடையாளம் அடிமட்டம் தொடர்ந்து இறங்கிக்கொண்டே வருவது. மருத்துவர் அரை அரை யூனிட்டாகக் குறைத்து நிறுத்துவார். நிறுத்திய பிறகும் வாரம் ஒருமுறை காதில் ஒரு குத்து உண்டு. வேறு எந்த நோய்க்காவது ஸ்டீராய்டு எழுதினால், இந்தப் பூனைக்கு முன்பு சர்க்கரை இருந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த மருந்து அதைத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.