13 குட்டி போட்ட பன்றியின் வாரிசை இனவிருத்திக்கு நிறுத்தலாமா?

கேள்வி: நாமக்கல் பக்கம் 12 தாய்ப்பன்றிகள் வைத்திருக்கிறேன். எல்லாம் வெள்ளை யார்க்‌ஷயர். முன்பு ஈத்துக்கு 9, 10 குட்டி கிடைத்தது. இப்போது 7, 8 ஆகிவிட்டது. ஆண் பன்றி எங்கள் பண்ணையிலேயே பிறந்தது. போன மாதம் ஒரு பன்றி இதுவரை இல்லாத அளவுக்கு 13 குட்டி போட்டது. அதன் பெண் குட்டிகளையும் ஒரு ஆண் குட்டியையும் இனவிருத்திக்கு நிறுத்தினால் எண்ணிக்கை கூடுமா?

பதில்: ஆண் குட்டியை நிறுத்தவே வேண்டாம். பெண் குட்டிகளைப் பற்றி முடிவெடுக்கும் முன் தாயின் பழைய ஈத்துகளைப் பாருங்கள்.

குட்டி எண்ணிக்கை தாயிடமிருந்து மகளுக்கு மிகக் குறைவாகவே இறங்கும் குணம். பன்றிக்குப் பன்றி தெரியும் வித்தியாசத்தில் சுமார் 10 சதவீதம்தான் பரம்பரை. மீதி தீவனம், இணை சேர்த்த நேரம், வயது, வெயில். உங்கள் சராசரி 9 என்று வைத்துக்கொண்டால், 13 போட்டது 4 குட்டி அதிகம். அதில் பரம்பரைப் பங்கு 0.4, மகளுக்கு வருவது அதில் பாதி, 0.2 குட்டி. அதே கொட்டகையில் நாலு ஈத்திலும் சராசரியாக 11 தந்த பன்றி இருந்தால், அதன் மகளிடம் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே எதிர்பார்க்கலாம். ஒரு ஈத்து தற்செயலாக அமையும், நாலு ஈத்து அப்படி அமையாது. முதல் ஈத்தில் குட்டி குறைவாக இருப்பது இயல்பு; அதற்காக இளம் பன்றியைக் கழித்துவிடாதீர்கள்.

உங்கள் எண்ணிக்கை இறங்கியதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது ஆண் பன்றியைத்தான். கொட்டகையில் பாதிக்கு மேல் அதன் தங்கைகளும் மகள்களுமாகத்தான் இருக்கும். நெருங்கிய ரத்தத்தில் சேர்த்தால் முதலில் அடிபடுவது குட்டி எண்ணிக்கையும் குட்டிகளின் பிழைப்பும். வேறு ரத்தம் கலந்தால் வேகமாகத் தேறுவதும் இதே குணம்தான். அதனால் வெளிப்பண்ணையிலிருந்து சொந்தமில்லாத ஆண் ஒன்றை வாங்குங்கள். லேண்ட்ரேஸ் இன ஆண் கிடைத்தால் இன்னும் நல்லது. யார்க்‌ஷயர் தாய்க்கும் லேண்ட்ரேஸ் தகப்பனுக்கும் பிறந்த கலப்பு மகள்கள் நல்ல தாய்களாக வரும். காட்டுப்பாக்கத்தில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். வாங்கும் ஆணை 30 நாள் தனிக்கொட்டகையில் வைத்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இருக்கும் காலத்தில் இதில் சமரசமே கூடாது.

இளம் பெண் பன்றி தேர்வுக்கு அதைச் சாய்த்துப் படுக்க வைத்துக் காம்பைத் தொட்டு எண்ணுங்கள். 12-க்குக் குறையக் கூடாது, 14 இருந்தால் சிறப்பு. தொப்புளுக்கு முன்னால் மூன்று ஜோடியாவது வேண்டும். நுனி உள்ளே குழிந்த காம்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் பால் வராது. ஆண் வாங்கும்போதும் காம்பு பாருங்கள், அது மகள்களுக்கு இறங்கும்.

நோட்டில் எதை எழுதுவது என்பதும் முக்கியம். டென்மார்க்கில் 1990-களில் பிறந்த மொத்தக் குட்டிகளை வைத்தே தேர்வு செய்தார்கள். எண்ணிக்கை ஏறியது, கூடவே செத்துப் பிறப்பதும் ஏறியது. 2004 முதல் ஐந்தாம் நாள் உயிரோடு இருக்கும் குட்டிகளைக் கணக்கில் எடுத்தார்கள். நீங்களும் உயிரோடு பிறந்தது, ஐந்தாம் நாள் இருந்தது, பால் மறந்தபோது இருந்தது என மூன்றையும் காது அடையாள எண்ணோடு எழுதுங்கள்.

அப்புறம், இனத்தை மாற்றாமலே இந்த ஈத்திலேயே பலன் தரக்கூடிய விஷயம் இணை சேர்க்கும் நேரம். சினைப்பருவம் இரண்டு, மூன்று நாள் நீடிக்கும். கருமுட்டை வெளிவருவது அதன் பிற்பகுதியில். முதுகை அழுத்தும்போது அசையாமல் நிற்கத் தொடங்கியதிலிருந்து 12 மணி நேரம் கழித்து ஒருமுறை, அதிலிருந்து 12 மணி நேரத்தில் மறுமுறை சேர்க்க வேண்டும். ஒரே தடவையோடு விடுவதால் பல பண்ணைகளில் குட்டி குறைகிறது. ஈத்தில் காய்ந்து கறுத்த குட்டிகள் வந்தால் மட்டும் இதையெல்லாம் நிறுத்திவிட்டு, முதலில் கால்நடை மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுங்கள். அது பார்வோ வைரஸாக இருக்கலாம்.