பீரங்கி 281 கிலோ, மீதி எங்கே?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் விண்வெளிப் போர் கேம் செய்து பார்க்கும் பிள்ளைகள் ஒரு ஞாயிறு மாலை பொதுமண்டபத்தில் என்னிடம் கேட்டவையும், நான் சொன்ன பதில்களும்.

படிவம் ஐந்து மாணவர்: அண்ணே, என் சண்டைக் கப்பல்ல 30 மில்லிமீட்டர் பீரங்கிக்கு 300 கிலோ போட்டிருக்கேன். சரியா?

வெறும் பீரங்கிக்குச் சரி தம்பி, முழு ஆயுதத்துக்குப் போதாது. அமெரிக்காவின் ஏ-10 போர் விமானத்தில் இருக்கும் 30 மில்லிமீட்டர் ஜிஏயு-8 பீரங்கி தனியாக 281 கிலோ. குண்டு வைக்கும் டிரம், குண்டு ஊட்டும் அமைப்பு, நிறைத்த குண்டுகள் எல்லாம் சேர்ந்தால் சுமார் 1,830 கிலோ, நீளம் கிட்டத்தட்ட 6 மீட்டர். செம்பனைக் குலை ஏற்றின லோரிக்குக் காலி லோரி எடையைச் சொன்னால் ஆலை எடைமேடையில் விடுவார்களா? இன்னொன்று: நிமிடத்துக்கு 3,900 குண்டு வேகத்தில் 1,150 குண்டும் 18 விநாடியில் தீர்ந்துவிடும். கேமில் நிமிடக்கணக்காகச் சுட்டால் அத்தனை குண்டும் எங்கே இருந்தது?

பட்டறையில் வேலை செய்பவர்: விண்வெளியில எடையே இல்லையே, பிறகு என்ன கவலை?

எடை போகும், நிறை போகாது. அதே பீரங்கியின் பின்னுதைப்பு சராசரி 45 கிலோநியூட்டன். 10 டன் கப்பலில் 2 விநாடி சுட்டால், கப்பல் விநாடிக்கு 9 மீட்டர் பின்னே போகும். நிறை மையத்துக்கு நேராக வைக்காவிட்டால் கப்பல் சுழலவும் செய்யும். பல குழாய் சுழலும் இந்தப் பீரங்கியில், சுடும் குழாய் நடுக்கோட்டில் வரவேண்டும் என்றே ஏ-10-இன் முன்சக்கரத்தை வலப்பக்கம் தள்ளி வைத்தார்கள். 1975 ஜனவரியில் சோவியத்தின் சல்யூட் 3 விண்வெளி நிலையத்தில் சுட்டுப் பார்த்த பீரங்கியோ அசையாமல் பொருத்தப்பட்டது. குறி வைக்க நிலையத்தையே திருப்ப வேண்டும்.

கல்லூரி மாணவி: ரெயில்கன்னை ஒரு மீட்டர்ல அடக்கலாமா, அண்ணா?

ரெயில்கன் என்பது மின்சாரத்தால் இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே குண்டைத் தள்ளிவிடும் பீரங்கி. கணக்குப் போட்டுப் பாரும்மா. 10 கிலோ குண்டு, விநாடிக்கு 3 கிலோமீட்டர். 10 மீட்டர் தண்டவாளத்திலேயே முடுக்கம் புவியீர்ப்பைப் போல 45,000 மடங்குக்கு மேல். ஒரு மீட்டர் என்றால் அதற்கும் பத்து மடங்கு. குண்டும் தாங்காது, தண்டவாளமும் விரியும்.

அதைவிடப் பெரிய தலைவலி வெப்பம். குண்டு கொண்டுபோவது 45 மெகாஜூல். மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் குண்டுக்குப் போகிறது என்று வைத்தால், ஒவ்வொரு முறை சுடும்போதும் 90 மெகாஜூல் வெப்பமாகக் கப்பலுக்குள்ளேயே தங்கும். 10 விநாடிக்கு ஒருமுறை சுட்டால் 9 மெகாவாட். காற்று இல்லாததால் கதிர்வீச்சாக மட்டுமே வெளியேற்ற முடியும். 1,000 கெல்வினில் இருபக்கமும் வீசும் தகடு சுமார் 80 சதுர மீட்டர் போதும். 300 கெல்வினில், அதாவது அறை வெப்பநிலையில், 9,800 சதுர மீட்டர். பெரும்பாலான கேம்களில் இந்தத் தகடு படத்திலேயே இருக்காது. எனக்கு அதுதான் பெரிய ஓட்டை.

அதே மாணவி: லேசர்?

குழாய் நீளத்தைப் பார்க்காதே, ஒளியைக் குவிக்கும் கண்ணாடியின் விட்டத்தைப் பார். ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீள ஒளி, ஒரு மீட்டர் கண்ணாடி, 1,000 கிலோமீட்டர் தூரம்: புள்ளி கிட்டத்தட்ட 2.4 மீட்டர் அகலம். அவ்வளவு விரிந்தால் துளைப்பது கடினம், சூடேற்றலாம்.

சின்னப் பையன்: அண்ணே, 20 மீட்டர் கப்பலை 40 ஆக்கினேன், எடை 100 டன்னே இருக்கட்டுமா?

எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கானால் கொள்ளளவு 8 மடங்கு, அதனால் 800 டன் போடு. 40, 15, 10 மீட்டர் பெட்டிக்கு 100 டன் என்றால் கன மீட்டருக்கு 17 கிலோதான் வருகிறது. பசாரில் மீன் வைக்கும் வெள்ளை ஸ்டைரோஃபோம் பெட்டி இருக்கிறதே, அந்தக் கனம்.